தொகுதி எல்லையை மாற்றியே ஒரு கட்சியை வெல்ல வைக்க முடியுமா?

சென்னை கொளத்தூரில் வசிக்கும் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தொகுதி மறுவரையறை என்றாலே தமிழ்நாட்டுக்கு எத்தனை எம்.பி. இடங்கள் குறையும் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். இடங்களின் எண்ணிக்கை மாறாமல், எல்லைக் கோட்டை மட்டும் நகர்த்தியே ஒரு கட்சியை ஜெயிக்க வைக்கலாம் என்கிறார்களே, அது எப்படி? நம் ஊரில் நடக்குமா? எங்கள் தெருவில் ஒரு வரிசை வீடுகள் ஒரு தொகுதியிலும் எதிர்வரிசை இன்னொரு தொகுதியிலும் இருக்கின்றன. இதுவும் அப்படிப்பட்ட வேலைதானா?"

முடியும். ஒரு கள்ள வாக்குகூடப் போடாமல், ஒரு பெயரைக்கூடப் பட்டியலிலிருந்து நீக்காமல், எல்லோரும் அவரவர் விருப்பப்படி வாக்களித்த பிறகும், குறைவான வாக்கு பெற்ற கட்சிக்கு அதிக இடங்கள் கிடைக்கும்படி வரைபடம் போட முடியும். அதற்குத் தேவையானவை இரண்டே: எந்தத் தெரு எந்தக் கட்சிக்கு வாக்களிக்கிறது என்ற விவரம், கோடு போடும் அதிகாரம். இந்தியாவில் முதலாவது யாருக்கும் எளிதாகக் கிடைக்கிறது. இரண்டாவது பெரும்பாலும் கட்சிகளின் கைக்கு நேரடியாகப் போகாதபடி தடுக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டு நிலவரத்தைப் புரிந்துகொள்ள இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும்.

முதலாவதை நான் நேரில் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். என் தாய்மாமா வடசென்னையில் ஒரு கட்சியின் வட்டச் செயலாளராக இருந்தவர். 2008இல் நடைமுறைக்கு வந்த மறுவரையறைக்கு முன்னால், வரைவு பற்றிய பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நாட்களில், ஒரு மாலை அவர் வீட்டுக் கூடத்தில் படிவம் 20இன் நகல்களைப் பரப்பி வைத்திருந்தார். அந்தப் படிவம் ரகசிய ஆவணம் அன்று; வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் தேர்தல் நடத்தும் அலுவலர் தயாரிப்பது. ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பத்தி. மாமா ஒவ்வொரு பூத் எண்ணுக்கு எதிரிலும் சிவப்பு அல்லது நீலப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். பிறகு அதே புள்ளிகளைத் தெரு வரைபடத்தில் வைத்தார். அரை மணி நேரத்தில் சிவப்பும் நீலமும் கலந்த ஒரு நகரம் தரையில் தெரிந்தது. கால்வாயை ஒட்டியிருந்த ஒரு நீலத் திட்டின்மேல் விரலை வைத்து, "இந்த ஏழு பூத்தையும் பக்கத்துத் தொகுதிக்குத் தள்ளிட்டா நமக்குத் தொந்தரவே இல்ல" என்றார். அந்த ஏழு பூத்துகள் தள்ளப்படவில்லை. அவருடைய பென்சிலுக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆனால் உலகம் முழுவதும் இந்த வேலை செய்யப்படுவது இப்படித்தான். அமெரிக்காவில் பென்சிலுக்குப் பதில் மென்பொருள், அவ்வளவே வேறுபாடு.

இதன் கணக்கைக் கற்பனையான ஒரு நகரத்தில் வைத்துப் பார்க்கலாம். 25 வார்டுகள், எல்லா வார்டிலும் சம அளவு வாக்காளர்கள். 15 வார்டுகள் சிவப்புக் கட்சிக்கு உறுதியானவை, 10 வார்டுகள் நீலக் கட்சிக்கு. ஐந்தைந்து வார்டுகளாகச் சேர்த்து ஐந்து தொகுதிகள் அமைக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று சிவப்பு, இரண்டு நீலம் என்று கலந்து வைத்தால் ஐந்து இடங்களும் சிவப்புக்கே போய்விடும். நகரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தும் நீலத்துக்கு ஓரிடம்கூட இல்லை. இதற்குச் சிதறடித்தல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இப்போது அதே நகரத்தில் வேறு கோடு போடுங்கள். பத்துச் சிவப்பு வார்டுகளை இரண்டே தொகுதிகளில் அடைத்துவிடுங்கள். அந்த இரண்டிலும் சிவப்புக் கட்சி நூற்றுக்கு நூறு வாங்கி மாலை போட்டுக்கொள்ளட்டும். மிச்சமிருப்பவை ஐந்து சிவப்பு, பத்து நீலம். அவற்றை மூன்று தொகுதிகளாகப் பிரித்தால், ஒன்றில் நான்கு நீலம், மற்ற இரண்டிலும் மும்மூன்று நீலம். மூன்று இடங்களும் நீலத்துக்கு. வாக்காளர் ஒருவர்கூட மனம் மாறாமலே, 40 விழுக்காடு ஆதரவுள்ள கட்சி ஐந்தில் மூன்று இடங்களைப் பிடித்துவிட்டது. இரண்டாவது முறைக்குத் திணித்தல் என்று பெயர். எதிராளிக்கு மாபெரும் வெற்றியைச் சில இடங்களில் பரிசளிப்பதுதான் அதன் சூட்சுமம். ஒரு தொகுதியில் வெல்வதற்குத் தேவையானதற்கு மேல் விழும் ஒவ்வொரு வாக்கும், தோற்கும் தொகுதியில் விழும் ஒவ்வொரு வாக்கும், இடங்களின் கணக்கில் எதையும் சேர்ப்பதில்லை. எல்லை வரைபவர் எதிராளியின் வாக்குகளை இந்த இரண்டு குழிகளில் விழும்படி பார்த்துக்கொள்கிறார்.

இந்த வித்தைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ஜெர்ரிமேண்டரிங் என்ற பெயர் 1812இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தது. அப்போதைய ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி கையெழுத்திட்ட சட்டத்தால் உருவான ஒரு செனட் தொகுதி, எசெக்ஸ் மாவட்டத்தைச் சுற்றி வளைந்து நெளிந்து கிடந்தது. அதற்கு நகமும் சிறகும் வைத்து ஒரு கேலிச் சித்திரம் பாஸ்டன் பத்திரிகையில் வந்தது. பல்லியைப் போன்ற சாலமாண்டர் என்ற பிராணியின் பெயரோடு ஆளுநரின் பெயரை ஒட்டவைத்துப் புதிய சொல்லை உருவாக்கினார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் ஜெர்ரியின் கட்சி எதிர்க்கட்சியைவிடச் சற்றுக் குறைவான வாக்குகளே பெற்றும் 40 செனட் இடங்களில் 29ஐக் கைப்பற்றியது. மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாக நடந்த ஆளுநர் தேர்தலிலோ ஜெர்ரி தோற்றுப்போனார். அங்கே நகர்த்துவதற்கு எல்லைக் கோடு இல்லை.

அந்தக் கேலிச் சித்திரம் ஒரு தவறான பழக்கத்தையும் விட்டுச்சென்றது. கோணல்மாணலான தொகுதியைக் கண்டால் சதி என்றும், சதுரமாக இருந்தால் நேர்மை என்றும் எண்ணிவிடுகிறோம். நான் மேலே சொன்ன 25 வார்டுகளை அழகான செவ்வகங்களாகப் பிரித்தே மேற்படி முடிவுகளைக் கொண்டுவர முடியும். மறுபுறம், கூவமும் அடையாறும் பக்கிங்காம் கால்வாயும் ரயில் பாதைகளும் குறுக்கே ஓடும் சென்னையில், யார் வரைந்தாலும் தொகுதி நேர்கோட்டில் நிற்காது. ஆகவே வடிவத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. அந்தக் கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் வைக்கப்பட்டவர்கள் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் இது பகிரங்கமாக நடப்பதற்குக் காரணம், பெரும்பாலான மாநிலங்களில் நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லையையும் மாநிலச் சட்டமன்றமே வரைகிறது. வட கரோலினாவில் 2016இல் வரைபடத்தை முன்னின்று கொண்டுவந்த உறுப்பினர், தம் கட்சிக்கு 10, எதிர்க்கட்சிக்கு 3 என்று வரையச் சொன்னதற்குக் காரணம், 11க்கு 2 என்று வரைவது சாத்தியம் என்று தாம் நம்பாததுதான் என்று குழுக் கூட்டத்திலேயே சொன்னார். அந்த ஆண்டு ஏறக்குறைய 53 விழுக்காடு வாக்குகளுடன் குடியரசுக் கட்சி 13இல் 10 இடங்களை வென்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், கட்சி ஆதாயத்துக்காக எல்லை வரைவது பற்றிய புகார்களை மத்திய நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது என்று தீர்ப்பானது. மேரிலாந்தில் ஜனநாயகக் கட்சி செய்த இதே வேலையும் அந்தத் தீர்ப்பில் சேர்ந்தே வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025இல் டெக்சாஸ் குடியரசுக் கட்சிக்காகப் பத்தாண்டுச் சுழற்சிக்கு நடுவிலேயே வரைபடத்தை மாற்ற, அதற்குப் பதிலடியாகக் கலிபோர்னியா பொதுவாக்கெடுப்பு நடத்தித் தன் வரைபடத்தை மாற்றிக்கொண்டது. வெட்கம் போன பிறகு அது போட்டியாகிவிடுகிறது.

நம் ஊருக்கு வருமுன் ஓர் எச்சரிக்கை. வாக்கு விகிதத்துக்கும் இடங்களுக்கும் பொருத்தமில்லை என்பது மட்டுமே எல்லைச் சூழ்ச்சிக்குச் சான்றாகாது. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. சுமார் 44 விழுக்காடு வாக்குகளுடன் 39இல் 37 இடங்களை வென்றது. ஏறக்குறைய 24 விழுக்காடு பெற்ற தி.மு.க.வுக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. 2024இல் அதே எல்லைகளுக்குள் தி.மு.க. கூட்டணி 39ஐயும் வாரிக்கொண்டது. ஒரே வரைபடம் பத்தாண்டு இடைவெளியில் இரண்டு எதிரெதிர்க் கட்சிகளுக்கு மொத்தத்தையும் தூக்கிக் கொடுத்திருக்கிறது என்றால், அந்த மிகைக்குக் காரணம் கோடு அன்று. அதிக வாக்கு பெற்றவரே வெற்றி என்ற முறையும், வாக்குகள் மாநிலம் முழுவதும் சீராகப் பரவியிருப்பதும், கூட்டணி உடைவுகளும்தான். எல்லைச் சூழ்ச்சி பலிக்க வேண்டுமானால் வாக்காளர்கள் கட்சி மாறாதவர்களாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் கூட்டணி மாறும் தமிழ்நாட்டில், இன்று நீலமாக இருக்கும் பூத் ஐந்தாண்டு கழித்து என்ன நிறத்தில் இருக்கும் என்று என் மாமாவால்கூடச் சொல்ல முடிந்ததில்லை.

இந்தியாவில் எல்லையை வரைவது சட்டமன்றமோ நாடாளுமன்றமோ அன்று. 1952, 1962, 1972, 2002 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களின்கீழ் நான்கு முறை மறுவரையறை ஆணையங்கள் அமைக்கப்பட்டன. கடைசி ஆணையத்துக்கு உச்ச நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி குல்தீப் சிங் தலைவர். ஒவ்வொரு மாநிலத்திலும் எம்.பி.க்கள் ஐவரும் எம்.எல்.ஏ.க்கள் ஐவரும் இணை உறுப்பினர்களாக உட்காரலாம், பேசலாம், வாக்களிக்க முடியாது. ஆணையத்தின் இறுதி உத்தரவு சட்டத்துக்கு நிகரானது; அவையில் வைக்கப்படும், ஆனால் அவை அதைத் திருத்த முடியாது. தொகுதி நிலவியல்படி ஒட்டியிருக்க வேண்டும், நிர்வாக எல்லைகளையும் போக்குவரத்து வசதியையும் மக்களின் வசதியையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். வட கரோலினாவோடு ஒப்பிட்டால் இது மிக நல்ல ஏற்பாடு என்பதே என் கருத்து. ஆனால் பூட்டிய வீட்டிலும் சில சன்னல்கள் திறந்திருக்கின்றன.

முதல் சன்னல், தொகுதிகளின் அளவு. கோட்டை நகர்த்தாமல் சும்மா விட்டாலே ஏற்றத்தாழ்வு வளர்ந்துவிடும். இன்றைய நம் எல்லைகள் 2001 மக்கள்தொகைக் கணக்கின் அடிப்படையில் அமைந்தவை. அப்போது சோழிங்கநல்லூர் வழியே ஓடும் பழைய மாமல்லபுரம் சாலை இன்றைய சாலையாக இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது சோழிங்கநல்லூரின் வாக்காளர்கள் ஆறரை லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். அதே நகரத்தில் துறைமுகம் தொகுதியில் இரண்டு லட்சம் பேர்கூட இல்லை. துறைமுகத்து வாக்காளர் ஒருவரின் வாக்கு சோழிங்கநல்லூர்க்காரர் மூவரின் வாக்குக்குச் சமம். இதில் சதி எதுவும் இல்லை, அசட்டையும் காலமும்தான். மலேசியாவிலோ இந்த ஏற்றத்தாழ்வு ஆட்சியின் அடித்தளமாகவே இருந்தது. 2013இல் புத்ராஜாயாவில் வாக்காளர்கள் சுமார் 16,000 பேர், காப்பார் தொகுதியில் சுமார் 1,44,000 பேர். எதிர்க்கூட்டணி நாடு முழுவதும் பாதிக்கு மேல் வாக்குகள் பெற்றும், தேசிய முன்னணி 222இல் 133 இடங்களுடன் ஆட்சியைத் தக்கவைத்தது.

இரண்டாவது, எதை எதோடு சேர்ப்பது என்பது. ஜம்மு காஷ்மீரில் 2022இல் முடிந்த மறுவரையறையில் ஜம்முவின் சட்டமன்ற இடங்கள் 37லிருந்து 43 ஆயின. காஷ்மீரின் இடங்கள் 46லிருந்து 47. 2011 கணக்கின்படி காஷ்மீரில் சுமார் 69 லட்சம் பேர், ஜம்முவில் சுமார் 54 லட்சம் பேர். கடினமான நிலப்பரப்பைக் காரணமாகச் சொன்னது ஆணையம். அதோடு, பீர் பஞ்சால் மலைத்தொடருக்கு ஒருபுறம் ஜம்முவிலிருந்த ரஜௌரி, பூஞ்ச் பகுதிகள் மறுபுறம் காஷ்மீரிலுள்ள அனந்தநாக் மக்களவைத் தொகுதியோடு சேர்க்கப்பட்டன. இரண்டையும் நேராக இணைக்கும் முகல் சாலை குளிர்காலத்தில் பனியால் மூடப்படும். 2024இல் வானிலையும் போக்குவரத்தும் காரணமாக அங்கே வாக்குப்பதிவு மே 7லிருந்து மே 25க்குத் தள்ளிவைக்கப்பட்டது. பா.ஜ.க.வுக்குச் சாதகமான வரைபடம் என்ற குற்றச்சாட்டு அதற்கு முன்பே எழுந்திருந்தது. தேர்தலில் அந்தக் கட்சி அங்கே வேட்பாளரையே நிறுத்தவில்லை, வென்றது தேசிய மாநாட்டுக் கட்சி. வரைபடத்தின் நோக்கம் வேறு, பலன் வேறு. இரண்டையும் தனித்தனியாகத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

மூன்றாவது சன்னல் மிகவும் நுட்பமானது: தொகுதிக் கோட்டைத் தொடாமல், அது பின்பற்ற வேண்டிய நிர்வாகக் கோட்டை முன்கூட்டியே மாற்றிவிடுவது. அசாமில் தேர்தல் ஆணையம் 2001 கணக்கை வைத்து மறுவரையறை செய்யத் தொடங்கியபோது, 2023 ஜனவரி 1 முதல் நிர்வாக எல்லைகளை மாற்றக்கூடாது என்று தடை இருந்தது. அதற்கு முந்தைய நாள், 2022 டிசம்பர் 31 அன்று, மாநில அமைச்சரவை பிஸ்வநாத், ஹோஜாய், தமுல்பூர், பஜாலி ஆகிய நான்கு மாவட்டங்களை அவற்றின் பழைய தாய் மாவட்டங்களோடு இணைத்தது. 2023 ஆகஸ்டில் இறுதி உத்தரவு வந்தது. அதே மாதத்தில் நான்கு மாவட்டங்களையும் மீண்டும் உருவாக்க அமைச்சரவை முடிவு செய்தது. தேர்தல் வேலையில் சில காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மறுவரையறைக் காலத்தில் கெசட்டில் வரும் மாவட்ட, தாலுகா, வார்டு அறிவிக்கைகளை ஆணையத்தின் வரைவைவிடக் கவனமாகப் படிக்க வேண்டும்.

நான்காவது, தனித்தொகுதி ஒதுக்கீடு. பழங்குடியினருக்கான தொகுதிகள் அவர்கள் விகிதம் மிக அதிகமாக இருக்கும் இடங்களில் அமையும். பட்டியல் சாதியினருக்கானவற்றை அவர்கள் விகிதம் ஒப்பளவில் அதிகமுள்ள இடங்களில், மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவலாக அமைக்க வேண்டும். அந்தப் 'பரவலாக' என்ற சொல் ஆணையத்துக்குத் தேர்ந்தெடுக்கும் இடத்தைத் தருகிறது. முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் சில தொகுதிகள் தனித்தொகுதிகளாகவும், பட்டியல் சாதியினர் அதைவிட அதிகமுள்ள தொகுதிகள் பொதுத்தொகுதிகளாகவும் இருப்பதை உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கத்தை வைத்து 2006இல், முஸ்லிம்களின் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த சச்சார் குழு எடுத்துக்காட்டியது. ஒரு தொகுதி தனித்தொகுதியானால், பல ஆண்டுகள் அங்கே வேர்விட்ட தலைவர் ஒருவர் இடம் பெயர வேண்டியிருக்கும். பொதுவானால் வேறொருவருக்குக் கதவு திறக்கும். நம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதி 2009இல் பொதுத்தொகுதி ஆனது, புதிதாக வந்த காஞ்சிபுரம் தனித்தொகுதி ஆனது. இதைத் தவறு என்று நான் சொல்லவில்லை. எந்தக் கட்சிக்காரரும் எல்லைக் கோட்டைவிட இந்தப் பட்டியலைத்தான் முதலில் புரட்டுகிறார்.

நீதிமன்றத்துக்குப் போகலாமா என்றால், அரசியல் சாசனத்தின் 329ஆவது உறுப்பு பெருமளவு வாசலை அடைத்துவைத்திருக்கிறது. உஜ்ஜயினி தொகுதி தனித்தொகுதியானது குறித்த வழக்கில் 1966இல் உச்ச நீதிமன்றம், வெளியிடப்பட்ட உத்தரவைக் கேள்விக்குள்ளாக்க முடியாது என்று கூறியது. ஆணையத்தின் ஒவ்வொரு கோட்டுக்கும் வழக்குப் போட்டால் தேர்தலே நடக்காது என்ற அச்சம் நியாயமானதுதான். குஜராத்தின் பார்டோலி தொகுதி பற்றிய வழக்கில் 2024இல் அதே நீதிமன்றம், உத்தரவு வெளிப்படையாகவே தன்னிச்சையானதாக இருந்தால் தலையிட முடியும் என்று ஓர் இடுக்கைத் திறந்துவைத்திருக்கிறது.

மாமாவின் பென்சில் புள்ளிகளைப் பற்றி இன்னொன்று. வாக்குச்சீட்டுக் காலத்தில், பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்த பிறகு எண்ணும் முறை இருந்தது. எந்தத் தெரு யாருக்கு வாக்களித்தது என்று அப்போது துல்லியமாகத் தெரியாது. மின்னணு இயந்திரம் அந்தத் திரையை விலக்கிவிட்டது. பல இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்துக் கூட்டுத்தொகையை மட்டும் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே பரிந்துரைத்தது. 2015இல் சட்ட ஆணையமும் ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. தனக்கு வாக்களிக்காத தெருவைப் பழிவாங்கும் அரசியலைத் தடுப்பதற்காகச் சொல்லப்பட்ட அந்த யோசனை, எல்லைச் சூழ்ச்சியின் மூலப்பொருளையும் கிடைக்காமல் செய்திருக்கும்.

மாநிலங்களுக்கு எத்தனை இடங்கள் என்ற கேள்வி இதிலிருந்து வேறானது. 1976இன் 42ஆவது திருத்தமும் பிறகு 84ஆவது திருத்தமும் மாநிலங்களின் பங்கை 1971 கணக்கில் நிறுத்தி, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தன. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்காகத் தண்டனையா என்று தமிழ்நாடு கேட்பது அதைப் பற்றியது. 1967இல் நம் இடங்கள் 41லிருந்து 39 ஆன நினைவும் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் 39 என்பது 39ஆகவே இருந்தாலும், அவற்றுக்குள் கோடுகள் மறுபடி வரையப்படத்தான் போகின்றன. அந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றி இங்கே பேச்சே இல்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

இனி உங்கள் தெரு. வார்டு எல்லைகள் வழக்கமாகச் சாலையின் நடுவில்தான் ஓடும், தொகுதிகள் அந்த வார்டுகளைச் சேர்த்து அமைக்கப்பட்டவை. சாலையின் இரு வரிசைகள் இரு தொகுதிகளில் விழுவது அதனால்தான். கோடு எங்காவது ஓரிடத்தில் விழுந்தே ஆக வேண்டும். சென்னை மாநகராட்சி 2011இல் 155 வார்டுகளிலிருந்து 200 வார்டுகளாக மாறி, 2018இல் வார்டு எல்லைகளும் திருத்தப்பட்டதால், இன்றைய வார்டு எல்லையும் தொகுதி எல்லையும் பல இடங்களில் ஒட்டுவதில்லை. பார்ப்பவருக்கு அது இன்னும் விசித்திரமாகத் தெரியும். அந்த ஒரு தெருவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அடுத்த வரைவு வெளியாகும்போது, உங்கள் தொகுதியிலிருந்து வெளியேறும் பாக எண்களையும் (வாக்காளர் பட்டியலில் ஒவ்வொரு வாக்குச்சாவடிப் பகுதிக்கும் உள்ள எண்) புதிதாக உள்ளே வரும் பாக எண்களையும் இரண்டு பத்திகளாக எழுதுங்கள். கடந்த இரண்டு மூன்று தேர்தல்களின் படிவம் 20இலிருந்து அவற்றின் வாக்குகளை எதிரில் நிரப்புங்கள். வெளியேறுபவை எல்லாம் ஒரே நிறமாகவும், உள்ளே வருபவை எல்லாம் மற்ற நிறமாகவும், அக்கம்பக்கத் தொகுதிகளிலும் அதே போக்கிலும் இருந்தால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆணையத்தின் பொது அமர்வுக்குப் போங்கள். வரைவோடு, விரும்பும் இணை உறுப்பினர்களின் மாற்று யோசனைகளையும் ஆணையம் வெளியிட வேண்டும் என்பது சட்டம். அவற்றையும் படியுங்கள், அவை கட்சிக்காரர்களே எழுதுபவை என்பதால் கணக்கு அங்கேதான் பளிச்சென்று தெரியும். ஆட்சேபத்தைக் குறித்த தேதிக்குள் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். இறுதி உத்தரவு கெசட்டில் வந்த பிறகு கொடுக்கும் மனுவுக்குப் பயனில்லை.